ஸ்டூடபேக்கர்: குதிரை வண்டி செஞ்சவங்க கார், ராணுவ லாரினு எப்படி மாறினாங்க?

மேப்_பைத்தியம்

வணக்கம் மக்களே. ரெண்டாம் உலகப் போர் சோவியத் போட்டோஸ் பார்த்துட்டு இருந்தேன், கத்யூஷா ராக்கெட் லாஞ்சர் ஏத்தின லாரி நிறைய வந்துச்சு, பாதி படத்துல லாரி பேரு ஸ்டூடபேக்கர்னு போட்டிருக்கு. எனக்கு அந்தப் பேரு பழைய அமெரிக்க கார் பேராத்தான் தெரியும், முன்னாடி மூக்கு கூம்பா நீட்டிட்டு இருக்குமே அந்த 1950 மாடல். சரி என்னன்னு தோண்டினா 1852ல ஆரம்பிச்ச கம்பெனிங்கறான், அமெரிக்க உள்நாட்டுப் போருக்கே வண்டி சப்ளை பண்ணியிருக்காங்கன்னு இன்னொருத்தன் எழுதியிருக்கான். ஒரே கம்பெனிதானா இல்ல பேரு மட்டும் ஒண்ணா? அப்படி ஒரே கம்பெனின்னா, அந்தக் காலத்துல அமெரிக்கா முழுக்க ஊருக்கு ஊரு வண்டிப் பட்டறை இருந்திருக்குமே, அத்தனை பேரும் காணாம போயிட்டாங்க, இவங்க மட்டும் எப்படி கார் பக்கம் தாவி தப்பிச்சாங்க? லாரி எப்படி ரஷ்யா போச்சுங்கறதும் தெரிஞ்சா சொல்லுங்க, ஆனா எனக்கு முக்கியமா வேணுங்கறது ஆரம்பகாலம்தான்.

பழையசக்கரம்

ஒரே கம்பெனிதான் ப்ரோ, சந்தேகமே வேணாம்.

குடும்பம் ஜெர்மனியில இருந்து 1736ல பென்சில்வேனியா வந்த குடும்பம். அப்பா ஜான் ஸ்டூடபேக்கர் கொல்லர், வண்டியும் செய்வாரு, அவரு 1830கள்ல தன் கையால செஞ்ச கூண்டு வண்டியிலதான் குடும்பத்தை ஏத்திக்கிட்டு ஓஹாயோ போனாரு, அந்த வண்டி இன்னைக்கும் மியூசியத்துல நிக்குது. மனுஷன் தொழில்ல கெட்டிக்காரர், வசூல்ல சுத்தமா வீக். அஞ்சு பசங்க: ஹென்றி, கிளெமென்ட், ஜான் மோலர், பீட்டர், ஜேக்கப். மூத்த ரெண்டு பேரும் 1852 பிப்ரவரியில இண்டியானாவுல சவுத் பெண்ட்ங்கற ஊருல பட்டறை போட்டாங்க. கைமுதல் 68 டாலர், கொல்லன் சாமான் ரெண்டு செட். முதல் வருஷம் முழுக்க செஞ்சது மூணே வண்டின்னு சொல்லுவாங்க, மீதி நேரமெல்லாம் லாடம் அடிக்கிறது, ஒடைஞ்சதை ஒட்டுறதுதான் பொழப்பு. கிளெமென்ட் கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா வேற இருந்திருக்காரு.

கதையில சுவாரசியமான ஆளு மூணாவது ஜான் மோலர், எல்லாரும் ஜே.எம்.னுதான் எழுதுவாங்க. கலிஃபோர்னியாவுல தங்கம்னு ஊரே ஓடின நேரம், இவருக்கு 19 வயசு. போறதுக்கு காசு இல்ல. ஒரு வண்டியை செஞ்சு குடுத்து அதையே பயணக் கூலியா வச்சுக்கிட்டு ஒரு கூட்டத்தோட கிளம்பிட்டாரு. வழியில சீட்டாட்டத்துல கையில இருந்தது பூரா போச்சு, 1853 ஆகஸ்டுல பிளாசர்வில் போய் இறங்கறப்ப பாக்கெட்டுல 50 சென்ட். அங்க ஹைண்ட்ஸ்னு ஒரு கொல்லர் ஆளு வேணும்னு கேட்டாரு, தங்கம் தோண்டுறவனுக்கு ஒத்தைச் சக்கர தள்ளுவண்டி செஞ்சு குடுக்கணும். தங்கத்தை விட்டுட்டு தள்ளுவண்டி செய்ய உக்காந்தாரு பாருங்க, அதுதான் மூளை. அஞ்சு வருஷத்துல 8,000 டாலர் சேத்துட்டாரு. அங்க அவருக்கு பட்டப்பேரே தள்ளுவண்டி ஜானி.

இங்க சவுத் பெண்ட்ல அதே நேரம் என்ன நடக்குதுன்னா, 1857ல அமெரிக்க ராணுவம் யூட்டாவுல மார்மன்கள்னு ஒரு மதப் பிரிவு மேல படையெடுத்துப் போகுது, அதுக்கு வண்டி வேணும். பக்கத்து ஊரு மிஷவாக்காவுல மில்பர்ன்னு பெரிய வண்டிக்காரர் ஆர்டர் எடுத்தாரு, தனியா முடியல, அதுல 100 வண்டியை இவங்களுக்கு பிரிச்சுக் குடுத்தாரு. ராணுவத்தோட இவங்களுக்கு முதல் தொடர்பு இதுதான். ஆனா குடும்பம் டன்கர்ஸ்னு ஒரு சபை, போரே பாவம்னு நம்புறவங்க. ஹென்றிக்கு இதுல மனசு ஒப்பல, அதோட விவசாயத்து மேலயும் ஆசை. 1858ல ஜே.எம். திரும்பி வந்து தங்க ஊருல சேத்த காசை வச்சு ஹென்றி பங்கை வாங்கிட்டாரு. உள்நாட்டுப் போர் வந்ததும் ஹென்றி விலகிட்டாருன்னு நிறைய இடத்துல எழுதியிருப்பாங்க, கணக்கு உதைக்குது, போர் தொடங்கினதே 1861ல.

அதுக்கப்புறம் போர் வந்துச்சு, வடக்கு ராணுவத்துக்கு சாமான் வண்டியும் ஆம்புலன்ஸ் வண்டியும் செஞ்சு தள்ளினாங்க, அங்க இருந்துதான் சின்னப் பட்டறைங்கற கட்டம் தாண்டுது. 1868ல ஸ்டூடபேக்கர் பிரதர்ஸ் மேனுஃபேக்சரிங் கம்பெனின்னு பதிவு பண்ணிட்டாங்க, கிளெமென்ட் தலைவர். 1872லயும் 1874லயும் தீ விபத்து, ரெண்டு தடவையும் எழுப்பிக் கட்டினாங்க.

மேப்_பைத்தியம்

ஆஹா செம்ம. ஒரு டவுட் ணே, எல்லாரும் மரத்துல நாலு சக்கரம் வச்சு செய்யற வண்டிதானே, அதுல என்ன பெரிய குவாலிட்டி வித்தியாசம் இருந்துடும்? ராணுவம் இவங்ககிட்டயே திரும்ப வந்தது விலைக்கா?

நட்டுபோல்ட்டு

என்ன இப்படி கேட்டுட்டீங்க. வண்டியில எல்லாமே சக்கரம்தான், சக்கரத்துல எல்லாமே மரம் காஞ்சிருக்கா இல்லையாங்கறதுதான்.

நடுவுல குடம், குடத்துல துளை போட்டு ஆரக்கால் அடிப்பாங்க, ஆரக்கால் மேல வளைவு வளைவா வட்டை, வட்டை மேல இரும்புப் பட்டா. பட்டாவை சக்கரத்தை விட கொஞ்சம் சின்னதாத்தான் செய்வாங்க. நெருப்புல போட்டு பழுக்கக் காய்ச்சினா விரியும், விரிஞ்ச சூட்டோட ரெண்டு பேர் கிடுக்கியில தூக்கி சக்கரத்து மேல எறக்கி சுத்தியால தட்டி ஒக்கார வச்சு மரம் எரிய ஆரம்பிக்கறதுக்குள்ள தண்ணியை ஊத்தணும், பட்டா சுருங்கறப்ப ஆரக்கால் எல்லாத்தையும் குடத்துக்குள்ள நெருக்கிப் பூட்டிடும். படக் படக்குனு மூட்டு ஒவ்வொண்ணும் இறுகற சத்தம் கேக்கும். ஆணி, பசை எதுவும் அந்தப் பிடிப்பை குடுக்காது. ஆரக்காலும் நேரா நிக்காது, கொஞ்சம் வெளிப்பக்கமா சாஞ்சு சக்கரமே ஆழமில்லாத கிண்ணம் மாதிரி இருக்கும், ஏன்னா குதிரை நடக்கறப்ப பாரம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும், அந்தப் பக்கவாட்டு இடியை நேர் ஆரக்கால் தாங்காது.

இப்ப மேட்டருக்கு வரேன். மரம் பச்சையா இருந்தா பட்டறையில அருமையா இறுகி நிக்கும். வண்டி மிசௌரி தாண்டி மேற்குப் பக்கம் வறண்ட பூமிக்குள்ள போனதும் மரம் காஞ்சு சுருங்கும், பட்டா சுருங்காது, லூஸ் ஆயிடும். மேற்கே போன ஜனங்க ராத்திரி சக்கரத்தைக் கழட்டி ஆத்துல ஊறப் போட்டது, பட்டாவுக்கும் வட்டைக்கும் நடுவுல ஆப்பு அடிச்சது எல்லாம் இதனாலதான். நடுக்காட்டுல சக்கரம் உதிர்ந்தா சாமான்ல பாதியை அங்கயே போட்டுட்டுத்தான் போகணும். அதனால வண்டி வாங்கறவன் பெயின்ட்டைப் பார்த்து வாங்க மாட்டான், மரத்தை எத்தனை வருஷம் காயப் போட்டாங்கன்னு பார்ப்பான். சவுத் பெண்ட் சுத்தி ஓக், ஹிக்கரி காடு. இவங்க வருஷக்கணக்குல மரத்தை அடுக்கிக் காத்தாடக் காய வச்சாங்க, அவ்வளவு பணத்தை மரமா முடக்கிப் போட்டுட்டு உக்கார சின்னப் பட்டறைக்காரனால முடியாது. ராணுவ ஆர்டர்ல வந்த காசு இங்கதான் வேலை செஞ்சுது. ராணுவத்துக்கு விலையும் முக்கியம்தான், ஆனா ஒரே அளவுல நூறு வண்டி, ஒண்ணோட சக்கரம் இன்னொண்ணுல மாட்டணும், தேதிக்கு வரணும், அதை செஞ்சு குடுக்கறவங்க எண்ணி சில பேருதான்.

டீசல்_மண்டை

மேல எழுதினது எல்லாம் ஓகே, ஆனா மெயின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே, ஏன் இவங்க மட்டும் தப்பிச்சாங்க. என் கருத்து கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும், திட்டாதீங்க. இவங்க கார்ல ஒண்ணையுமே கண்டுபிடிக்கல. பெட்ரோல் கார்ல ஆரம்ப வருஷங்கள்ல பெரும்பாலும் அடுத்தவன் செஞ்சதைத்தான் வித்தாங்க, அவ்வளவுதான். இவங்ககிட்ட இருந்தது பேரும் கடையும்.

கடைன்னா சும்மா இல்ல. நாலாவது தம்பி பீட்டர் பக்கா வியாபாரி, மிசௌரியில செயின்ட் ஜோசஃப்ல கிளை போட்டாரு, மேற்கே கிளம்பற கூட்டம் சாமான் வாங்கற ஊரு அது. சிகாகோ மிச்சிகன் அவென்யூவுல 1885ல ஷோரூம் கட்டினாங்க, இப்ப ஃபைன் ஆர்ட்ஸ் பில்டிங்னு நிக்கறது அதே கட்டடம்தான். விவசாயி எங்க இருந்தாலும் ஒரு நாள் பயணத்துல ஸ்டூடபேக்கர் ஏஜென்ட் இருப்பான்ங்கற நிலைமை.

கார் பக்கம் தள்ளினது குடும்ப ரத்தம் இல்ல, மாப்பிள்ளை. ஃப்ரெட் ஃபிஷ்னு நியூ ஜெர்சி வக்கீல், ஜே.எம். பொண்ணைக் கட்டினவரு. 1890கள் கடைசியிலேயே மோட்டார் வண்டி மோட்டார் வண்டின்னு நச்சரிச்சாரு. மாமனாருக்கு பெட்ரோல் இன்ஜினைக் கண்டாலே ஆகாது, சத்தம், நாத்தம். அதனால சமரசமா 1902ல எலக்ட்ரிக் கார். முதல் வருஷம் வித்தது 20, அதுல ரெண்டாவது வண்டி வாங்கினது தாமஸ் எடிசன். 1904ல பெட்ரோல் கார் வந்துச்சு, ஆனா சேசிஸ் (அடிச்சட்டம்), இன்ஜின் எல்லாம் ஓஹாயோவுல கார்ஃபர்ட் கம்பெனி சரக்கு, இவங்க பாடி கட்டி பேரு ஒட்டினாங்க. விலை பணக்காரனுக்கு மட்டும் கட்டுபடியாகற விலை, ஏஜென்ட் எல்லாம் கிராமத்துல உக்காந்திருக்கான், எவன் வாங்குவான்?

அப்பத்தான் 1908ல டெட்ராய்ட்ல எவரிட், மெட்ஸ்கர், ஃப்ளாண்டர்ஸ்னு மூணு பேர் சேர்ந்து ஈ.எம்.எஃப். கம்பெனி ஆரம்பிக்கறாங்க, ஃப்ளாண்டர்ஸ் ஃபோர்டுல உற்பத்தி பாத்துட்டு இருந்த ஆளு. அவங்ககிட்ட நடுத்தர விலை கார் இருக்கு, விக்க கடை இல்ல. இவங்ககிட்ட கடை இருக்கு, கார் இல்ல. சேர்ந்தாங்க, உடனே சண்டை, கோர்ட்டு வரைக்கும் போச்சு, கடைசியில 1910ல ஜே.பி. மார்கன் பேங்க் பணத்தோட ஸ்டூடபேக்கர் முழுசா விழுங்கிடுச்சு. 1911ல ஸ்டூடபேக்கர் கார்ப்பரேஷன். ஃபோர்டுக்கு அடுத்த வரிசையில வந்த கம்பெனிகள்ல ஒண்ணா ஆகிட்டாங்க, சொந்தமா ஒரு நல்ல பெட்ரோல் காரை டிசைன் பண்ணாமலேயே. 1912-13 வாக்குலதான் கார் மேல ஸ்டூடபேக்கர்னு மட்டும் பேரு வருது.

பழையசக்கரம்

டீசல், கடைதான் காரணம்ங்கறதை பாதி ஒத்துக்கறேன். வித்துட்டு கைகழுவி விட்டிருந்தா உங்க வாதம் சரி. ஈ.எம்.எஃப். கார் எவ்வளவு மோசம்னு நீங்க எழுதலையே. அமெரிக்காவுல அந்தப் பேரை எவ்ரி மார்னிங் ஃபிக்ஸ்-இட்னு விரிச்சு கிண்டல் பண்ணாங்க, காலையில எந்திரிச்சா ரிப்பேர். பின் ஆக்சில் (பின் சக்கர அச்சு) ஒடையறது பெரிய தலைவலி. கம்பெனியை வாங்கினதும் ஜே.எம். என்ன பண்ணாருன்னா, குறை சொன்ன ஓனர் ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் மெக்கானிக்கை அனுப்பி கெட்ட பார்ட்டை மாத்திக் குடுத்தாங்க, செலவு 10 லட்சம் டாலர். 1910 டாலர்ல, யோசிச்சுக்கோங்க. எண்பது வயசை நெருங்கற கிழவர், காரே பிடிக்காது, ஆனா ஸ்டூடபேக்கர் ஏஜென்ட் வித்த சாமான் ஒடைஞ்சு நிக்கறதை அவரால பொறுக்க முடியல. வண்டி வாங்கின விவசாயியோட மகன்தான் இப்ப கார் வாங்க வரான், அப்பன் வண்டி முப்பது வருஷம் ஓடுச்சுன்னு நம்பி வரான். அந்த நம்பிக்கையை காசு குடுத்து காப்பாத்தினாங்க, அதனாலதான் கடை கடையா நின்னுச்சு.

அப்புறம் எலக்ட்ரிக்கை சமரசம்னு சுலபமா தள்ளிடாதீங்க. 1902ல நகரத்துக்குள்ள ஓட அதுதான் ஒழுங்கான வண்டி, பெட்ரோல் கார்னா கையால சுத்தி ஸ்டார்ட் பண்ணணும், பின்னடிச்சா மணிக்கட்டு ஒடையும். அதுக்கு முன்னாடியே எலக்ட்ரிக் டாக்சிகளுக்கு பாடி கட்டிக் குடுத்த அனுபவமும் இருந்துச்சு.

இவங்க மட்டும்தான் தப்பிச்சாங்கங்கறதும் முழுசா சரி இல்ல. ஃபிளின்ட்ல டியூரன்ட் சாரட் வண்டி செஞ்சு பெரிய பணம் பார்த்தவரு, அவருதான் 1904ல பியூக் கார் கம்பெனியை எடுத்து 1908ல ஜெனரல் மோட்டார்ஸ் ஆரம்பிச்சாரு. ராசின்ல மிட்செல்னு பெரிய வண்டிக் கம்பெனி, அவங்களும் கார் செஞ்சாங்க, 1920கள்ல மூடிட்டாங்க. ஐரோப்பா பக்கம் பார்த்தா செக் நாட்டு டாட்ரா கம்பெனி, 1850ல சாரட் வண்டிப் பட்டறை, 1897ல முதல் கார், பின்னாடி ராணுவ லாரி, கிட்டத்தட்ட இதே பாதை. ஆனா பழைய வண்டிப் பேரையே காருக்கும் வச்சு அறுபது வருஷத்துக்கு மேல அமெரிக்காவுல ஓட்டினது ஸ்டூடபேக்கர்தான்.

டீசல்_மண்டை

10 லட்சம் டாலர் மேட்டர் நல்ல பாயின்ட், வாங்கிக்கறேன். ஆனா அந்த 10 லட்சம் மார்கன் பணம் உள்ள வந்த நேரத்துலதான் செலவாச்சுங்கறதையும் பாருங்க 😄

வெள்ளிக்கிழமை

நடுவுல ஒரு சின்ன கேள்வி. லிங்கன் சுடப்பட்ட அன்னைக்கு தியேட்டருக்குப் போன சாரட் வண்டி ஸ்டூடபேக்கர் செஞ்சதுன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க, உண்மையா?

நட்டுபோல்ட்டு

செஞ்சது இல்ல, வாங்கினது. அந்த வண்டி நியூயார்க்ல வுட் பிரதர்ஸ் செஞ்சது. கிளெமென்ட் ஸ்டூடபேக்கர் பின்னாடி அதை வாங்கி தன் கலெக்ஷன்ல சேர்த்தாரு, ஜனாதிபதிகள் வண்டி சேக்கறதுல அவருக்கு ஒரு ஆசை. இப்ப சவுத் பெண்ட்ல ஸ்டூடபேக்கர் மியூசியத்துல இருக்கறதால எல்லாரும் குழம்பிக்கறாங்க. நிஜமா அவங்க செஞ்சது பார்க்கணும்னா பட்வைசர் பீர் விளம்பரத்துல எட்டு பெரிய குதிரை இழுக்குமே சிவப்பு வண்டி, அது ஸ்டூடபேக்கர் வண்டி.

மேப்_பைத்தியம்

எல்லாருக்கும் நன்றி, இப்பத்தான் கோர்வையா புரியுது. அந்த ரஷ்ய லாரி மட்டும் யாராவது சொல்லிடுங்க. அப்புறம் குதிரை வண்டி செய்யறதை எப்ப நிறுத்தினாங்க? கார் வந்த உடனேயா?

ராணுவப்பச்சை

லாரி என் ஏரியா, நான் சொல்றேன். மாடல் பேரு யூ.எஸ்.6, ரெண்டரை டன், ஆறு சக்கரமும் இழுக்கற மாடல்தான் பிரபலம், ஹெர்குலஸ் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 87 குதிரை சக்தி. அமெரிக்க ராணுவம் தனக்கு ஒரே மாடல் போதும், ஸ்பேர் தொல்லை வேணாம்னு ஜி.எம்.சி. லாரியை வச்சுக்கிச்சு. ஸ்டூடபேக்கர் லாரி வேற இன்ஜின், அதனால லெண்ட்-லீஸ்ல, அதாவது அமெரிக்கா நேசநாடுகளுக்கு போர்ச் சாமான் குடுத்த திட்டத்துல, போகட்டும்னு ஒதுக்கிட்டாங்க. கிட்டத்தட்ட 2 லட்சம் செஞ்சாங்க, பெரும்பகுதி சோவியத்துக்கு. நிறைய வண்டி பாகம் பாகமா பெட்டியில ஈரான் வழியா போய் அங்கயே பூட்டப்பட்டுச்சு. ரஷ்ய சிப்பாய்ங்களுக்கு அது ரொம்ப பிடிச்சுப் போச்சு, செல்லமா ஸ்டூடர்னு கூப்பிடுவாங்க. சேத்துல மாட்டாத லாரின்னா யாருக்குத்தான் பிடிக்காது. 1943ல இருந்து கத்யூஷாவுக்கு இதோட சேசிஸையே ஸ்டாண்டர்டா எடுத்துக்கிட்டாங்க.

லாரி மட்டும் இல்ல, பி-17 குண்டு வீச்சு விமானத்துக்கு ரைட் சைக்ளோன் இன்ஜின் 63,000க்கு மேல இவங்க ஃபேக்டரியில வந்துச்சு, பனியில ஓடற வீசல்னு சின்ன டிராக் வண்டி ஏறக்குறைய 15,000.

பின்குறிப்பு ஒண்ணு. 1963 டிசம்பர்ல சவுத் பெண்ட் கார் ஃபேக்டரி மூடினப்ப ராணுவ லாரி வேலையும் ஃபேக்டரியும் கைசர் ஜீப் கைக்குப் போச்சு, அது பின்னாடி ஏ.எம். ஜெனரல் ஆச்சு, ஹம்வீங்கற ராணுவ வண்டி செய்யற அதே கம்பெனி. ஹம்வீ ஃபேக்டரி எந்த ஊருல தெரியுமா? மிஷவாக்கா. மில்பர்ன் 1857ல 100 வண்டி பிரிச்சுக் குடுத்தாரே, அதே ஊரு.

பழையசக்கரம்

மிஷவாக்கா மேட்டர் எனக்கு தோணவே இல்ல, அருமை.

குதிரை வண்டி உடனே நிக்கல, ரொம்ப வருஷம் ரெண்டும் ஓடுச்சு. கார் டெட்ராய்ட்ல, வண்டி சவுத் பெண்ட்லன்னு தனித்தனியா நடந்துச்சு, கார் உற்பத்தி சவுத் பெண்டுக்கு மாறினது 1920கள்லதான். முதல் உலகப் போர் வந்தப்ப பிரிட்டிஷ் ராணுவம் இவங்ககிட்ட கார் மட்டும் கேக்கல, வண்டியும் சேணமும் ஆயிரக்கணக்குல கேட்டுச்சு, பீரங்கியை இழுத்தது அப்பவும் குதிரைதானே. ஜே.எம். 1917ல இறந்தாரு. போர் முடிஞ்சதும் ஆர்டர் நின்னுச்சு, விவசாயியும் டிரக், டிராக்டர்னு போயிட்டான். 1920ல வண்டி வியாபாரத்தை லூயிவில்ல இருந்த கென்டக்கி வேகன் கம்பெனிக்கு வித்துட்டாங்க.